ரெகுலரா, கரஸ்ஸா?

எம்.ஏ. என்று சொன்ன மறு நொடியே வருகிற கேள்வி இது. ரெகுலர் என்றால் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். கரஸ் என்றால் ஒரு 'ஓகோ'. இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது, ஆன்லைன். அதற்கு 'ஓகோ'கூடக் கிடையாது, சிரிப்புதான். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு மேல் புத்தகத்தைத் திறந்தவர்களின் இரண்டு வருசத்தை அந்தச் சிரிப்பு ஒரு நொடியில் இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

அந்தச் சிரிப்பைத் திட்டி நாலு பக்கம் எழுதுவது சுலபம். நம் மேடைகளில் கைதட்டும் கிடைக்கும். ஆனால் அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று நியாயமானது: இந்தப் பட்டத்துக்குப் பின்னால் படிப்பு இருக்கிறதா, இதை நம்பலாமா? மற்றொன்று சாதி கேட்கிற கேள்வி: நீ எந்த வாசல் வழியாக உள்ளே வந்தாய்? இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே சொற்களில் வருவதால் நாம் தடுமாறுகிறோம். அவமானத்தில் கூசிப்போய் நிற்கிறோம். இல்லாவிட்டால் கோபத்தில், 'எல்லா டிகிரியும் காகிதம்தான்யா' என்று சொல்லி, நம்மையே ஏமாற்றிக் காசு பிடுங்குகிறவனுக்கும் சேர்த்து வக்காலத்து வாங்கிவிடுகிறோம். இரண்டையும் பிரித்தெடுக்க முடியுமா என்று பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிரிக்கிறவர்கள் முதலில் கொஞ்சம் வரலாறு தெரிந்துகொள்ள வேண்டும். 1857ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அது யாருக்கும் பாடம் நடத்தவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து, தேர்வு நடத்தவும் பட்டம் கொடுக்கவும் உண்டான அமைப்பு அது. பல்கலைக்கழகம் தானே பாடம் நடத்தலாம் என்பதற்கு 1904ல்தான் சட்டம் வந்தது. மாதிரியாக இருந்த லண்டனோ 1858லேயே, கல்லூரி வாசலை மிதிக்காதவரும் தன் தேர்வை எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. இலங்கைத் தமிழர்கள் அதை 'வெளிவாரி' என்பார்கள். ஊரிலேயே இருந்து லண்டன் பட்டம் வாங்கிய வாத்தியார்களும் வக்கீல்களும் அங்கே பெரிய மனிதர்களாகத்தான் உலவினார்கள். யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் மலையின் அடிவாரத்துக்கு வாருங்கள். திருப்பத்தூர் தாலுக்கா ஆபீசில் எழுத்தராக இருந்த ஒரு இளைஞர், எந்தக் கல்லூரியிலும் சேராமல் தானாகப் படித்து, 1935ல் வித்துவான் தேர்வில் மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறினார். அதே ஊர் முனிசிபல் பள்ளியில் தமிழாசிரியர் வேலை பார்த்துக்கொண்டே மேலே படித்தார். 1948ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு முனைவர் பட்டம் பெற்றார். மு. வரதராசனைத்தான் சொல்கிறேன். அவர் நம்மவர் இல்லை, அவருடைய எழுத்தோடு எனக்கு நிறையச் சண்டையும் இருக்கிறது. ஆனால் மு.வ.வைப் பார்த்து எவரும் 'ரெகுலரா, பிரைவேட்டா' என்று கேட்டதில்லை. தனியாகப் படித்தவர் என்பது அவருக்குப் பெருமையாகச் சேர்ந்தது. அதே காரியத்தைச் சேரியிலிருந்து வந்தவர் செய்தால் அது குறுக்குவழி ஆகிறது. எப்போது ஆனது?

இதே மு.வ. 1971ல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். அந்த ஆண்டுதான் அங்கே அஞ்சல் வழிக் கல்வியும் தொடங்கியது. அண்ணாமலையில் 1979ல், சென்னையில் 1981ல். அதுவரை பட்டப்படிப்பு என்பது மூன்று வருசம் சம்பாத்தியம் இல்லாமல் ஒரு ஆளைச் சும்மா வைத்துச் சோறு போட முடிந்த குடும்பங்களுக்கு உரியது. அஞ்சல் வழி வந்த பிறகு பஸ் கண்டக்டர் படித்தார், போலீஸ்காரர் படித்தார், சத்துணவு அமைப்பாளர் படித்தார், கலியாணமாகிப் படிப்பு நின்ற பெண்கள் படித்தார்கள். அஞ்சலில் வரும் பாடப் புத்தகத்துக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து நின்ற வீடுகளில் நிறைய வீடு நம்முடையது. பட்டத்தின் மதிப்பு குறைந்துவிட்டது என்ற பேச்சு பலமாகக் கிளம்பியதும் இவர்கள் உள்ளே வந்த பிறகுதான். ஒரு இடத்துக்கு நாம் போய்ச் சேரும்போதெல்லாம் அந்த இடத்துக்கு மவுசு போய்விட்டது என்று சொல்வது இந்தச் சமூகத்துக்குப் பழக்கமாகிப்போனது. அரசுப் பள்ளிக்கு நடந்தது, அரசு ஆஸ்பத்திரிக்கு நடந்தது, டவுன் பஸ்ஸுக்கே நடந்தது.

அதே 1971ல் பிரிட்டனில் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் முதல் மாணவர்களைச் சேர்த்தது. முன்தகுதி எதுவும் கேட்கவில்லை. அங்கேயும் பழமைவாதிகள் கேலி பேசினார்கள். ஆனால் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மாணவர் எழுதி அனுப்புகிற கட்டுரையைப் படித்து, தப்பைக் குறித்து, ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவதற்கு ஆசிரியர்களை நியமித்தார்கள். இது ஒரு சின்ன விசயம் போலத் தெரியும். என் வாதமெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. திரும்பவும் வருகிறேன்.

நம் ஊரில் என்ன நடந்தது? திறந்தவெளி முறை என்று ஒன்றைக் கொண்டுவந்து, அடிப்படைப் பட்டமே இல்லாமல் நேராக எம்.ஏ. படிக்கலாம் என்று விளம்பரம் கொடுத்தார்கள். முதல் பட்டம் இல்லாமல் முதுகலையில் சேர்க்கக் கூடாது என்று யு.ஜி.சி. 1985லேயே விதி போட்டிருந்தது. விதி தெரிந்த பல்கலைக்கழகங்கள்தான் பிறகும் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டச் சொல்லி ரசீது கொடுத்தன. சென்னைத் திரைப்படக் கல்லூரி முதல்வர் பதவி குறித்த ஒரு வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 2009 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: அப்படி வாங்கிய எம்.ஏ. செல்லாது. அந்த ஆகஸ்டிலேயே தமிழக அரசு 107ஆம் எண் அரசாணை போட்டது. பத்தாவது, பன்னிரண்டாவது முடித்து, அதற்குப் பிறகு பட்டம் பெற்றிருந்தால்தான் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் தகுதி.

சட்டப்படி பார்த்தால் தீர்ப்பில் குறை சொல்ல வழியில்லை. விதி இருந்தது, மீறப்பட்டது. ஆனால் மீறியது யார், தண்டனை யாருக்கு? வரிசைப்படி படிக்க முடிந்தவர் யாரும் நேரடி எம்.ஏ.வுக்குப் போகவில்லை. எட்டாவதோடு, பத்தாவதோடு நின்று வேலைக்குப் போனவர்கள்தான் போனார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர், அலுவலக உதவியாளராக இருந்தவர், அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். 'செல்லாதுன்னு சொல்லிட்டாங்கம்மா. நான் படிச்சது படிச்சதுதானே' என்றார். அவரைத் தேர்வறையில் உட்காரவைத்து, தேறினாய் என்று எழுதிக் கொடுத்தது ஒரு அரசுப் பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இருந்த மதிப்பு அப்படியே இருந்தது. இவருடைய மதிப்பு மட்டும் போய்விட்டது.

இதற்கு நேர்மாறாக இன்னொன்றும் நடந்தது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், அதில் ஒன்று சேலத்தில் இருப்பது, அனுமதியில்லாமல் தொலைநிலையில் பொறியியல் பட்டம் கொடுத்துவந்தன. 2017 நவம்பரில் உச்சநீதிமன்றம் 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்திவைத்தது. ஆனால் ஒரு வழி விட்டது: ஏ.ஐ.சி.டி.இ. வைக்கிற தேர்வை எழுது, தேறினால் பட்டம் உன்னுடையது, எழுத விருப்பமில்லை என்றால் கட்டிய பணத்தைப் பல்கலைக்கழகம் திருப்பித் தரட்டும். 2018ல் தேர்வும் நடந்தது. கட்டடத்தில் போகாமல் பொறியியல் படித்ததை நான் ஆதரிக்கவில்லை. பாலம் கட்டுகிறவர் சிமென்டைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஒரு வாய்ப்பு, 'வா, எழுதிக் காட்டு' என்பது, 2009ல் நம் எம்.ஏ.க்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. தமிழ் இலக்கியத்தையும் வரலாற்றையும் எழுதிக் காட்டச் சொல்வது பொறியியலைவிடக் கடினமான காரியமா என்ன?

நான் எம்.ஏ. தமிழ் கரஸ்ஸில் படித்தவள். பகலில் ஒரு அச்சகத்தில் டைப் செட்டிங் வேலை. ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியர் வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கரஸ்பாண்டென்ட் உட்கார்ந்துகொண்டு 'கரஸ்ஸா' என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஆமாங்க சார் என்றேன். சங்க இலக்கியத்தில் ஒரு கேள்வி கேட்பார், இலக்கணத்தில் ஒன்று கேட்பார் என்று தயாராக இருந்தேன். 'அப்பா என்ன பண்றார்?' என்றார். சொன்னேன். 'காவலூர்ல எந்தப் பக்கம்?' சொன்னேன். 'சரிம்மா, சொல்லி அனுப்பறோம்.' நன்னூலிலிருந்து ஒரு சூத்திரம் கேட்டு நான் விழித்திருந்தால் அந்த மனிதரை நான் இன்றைக்கும் மதித்திருப்பேன்.

அதே சமயம் இதையும் சொல்லியாக வேண்டும். என்னுடன் தேர்வு எழுதியவர்களில் பாடப் புத்தகத்தின் உறையையே பிரிக்காதவர்கள் இருந்தார்கள். ஒப்படைப்புக் கட்டுரைகளை ஜெராக்ஸ் கடையில் கட்டுக்கட்டாக விற்றார்கள், ஒரு பேப்பர் இவ்வளவு என்று. அதை வாங்கி, கையெழுத்தை மட்டும் மாற்றி அனுப்பினால் மதிப்பெண் வந்தது. நான் உட்கார்ந்து எழுதிய கட்டுரைக்கும் அதே மதிப்பெண்தான் வந்தது. கட்டுரை திரும்பி வரவே இல்லை. பத்துப்பாட்டில் பாணர்களைப் பற்றி, யாழும் பறையும் சுமந்து திரிந்த அந்தச் சனங்கள் பிறகு எங்கே போனார்கள் என்று, பன்னிரண்டு பக்கம் எழுதினேன். அதை யாராவது படித்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் பட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு என்றால் இதுதான். அதைக் கேலி செய்தவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை.

இங்கே அம்பேத்கரைக் கூப்பிடுகிறேன், படத்துக்கு மாலை போட அல்ல. 1917ல் உதவித்தொகைக் காலம் முடிந்துபோய் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவர் திரும்ப வேண்டிவந்தது. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்து, மிச்சம் பிடித்து, கடனும் வாங்கிக்கொண்டு 1920ல் மறுபடியும் போனார். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற எல்லாருக்கும் அவர் முன்னோடிதான். ரூபாய்ச் சிக்கலைப் பற்றிய அவருடைய டி.எஸ்ஸி. ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. திருத்தி எழுது என்று திருப்பிவிட்டார்கள். அதற்குள் அவர் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. பம்பாயில் உட்கார்ந்து திருத்தி, லண்டனுக்கு அனுப்பிவைத்தார். 1923ல் பட்டம் வந்தது. அந்தக் கடைசி வேலை நடந்தது அஞ்சல் வழியில்தான் என்பதைக் கரஸ்காரர்கள் குறித்துக்கொள்ளலாம்! எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. அங்கே அவரைத் திருப்பி அனுப்ப ஒரு ஆள் இருந்தார். அந்த ஆளிடம் ஏகாதிபத்தியத் திமிரும் இருந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் படித்தார். படித்துவிட்டு இது போதாது என்று சொன்னார். பிறகு போதும் என்று சொன்னதற்கு அதனால்தான் ஒரு பொருள் வந்தது.

ஒரு பட்டத்தை நம்பலாமா என்று பார்க்க நான் கேட்கிற கேள்வி இது ஒன்றே: உன்னைத் தோற்கடிக்கக்கூடிய ஆள் அங்கே இருந்தாரா? நீ எழுதியதைப் படித்து, தப்பு என்று சொல்லக்கூடியவர், தேறவில்லை என்று நிறுத்திவைக்கக்கூடியவர், ஏன் என்று உனக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். அவர் வகுப்பறையில் எதிரே நிற்கலாம், தபாலில் வரலாம், செல்போன் திரையில் வரலாம். சிறையில் இருந்தபடியே மண்டேலா 1989ல் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம் பெற்றார். கம்பிக்குள்ளே வகுப்பறை ஏது? அப்படி ஒரு ஆள் இல்லாத இடத்தில் பளிங்குக் கட்டடம் இருந்தாலும் அங்கே நடப்பது விற்பனை. யாரையும் தோற்கடிக்காத பட்டம் யாரையும் தேறவைக்கவும் இல்லை.

இந்த அளவுகோலை ரெகுலர்மேலும் வைத்துப் பாருங்கள். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு விசயத்தை வெளியே கொண்டுவந்தது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் 300க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. அதாவது ஆள் இல்லை, பெயர் இருந்தது. அங்கே படித்த பிள்ளைகள் எல்லாரும் ரெகுலர்தான். அவர்களைப் பார்த்து எந்தத் தாளாளரும் 'உங்க வாத்தியார் நெசமா இருந்தாரா?' என்று கேட்டதில்லை.

தோழர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 'அளவுகோல் பேசுறதே மேல்சாதி வேலை, நம்மாளு எப்படியாவது ஒரு டிகிரி வாங்கி உள்ள போகட்டும், போன பிறகு பாத்துக்கலாம்' என்பார்கள். தகுதி, திறமை என்ற பேரில் இடஒதுக்கீட்டை இழிவுபடுத்தியவர்களை எதிர்த்துப் போராடி வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சொற்கள்மேல் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் உள்ளே போவது யார் முன்னால் போய் நிற்பதற்கு? எங்கள் மலையில் பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. கீழே ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. ஜெராக்ஸ் கடைப் பட்டத்தோடு வருகிற வாத்தியார் சென்னையில் பணக்காரப் பள்ளிக்குப் போகப் போவதில்லை. இங்கேதான் வருவார், நம் பிள்ளைகளிடம். அந்தப் பட்டத்தை நம்பி உட்கார்ந்திருக்கிற நாலாங்கிளாஸ் பிள்ளைக்கு யு.ஜி.சி. என்றால் என்ன தெரியும்? இடஒதுக்கீடு நுழைவுக்கு வழி செய்தது. நுழைந்தவர் எழுதியதைப் படிக்க வேண்டாம், திருத்த வேண்டாம் என்று அது ஒருநாளும் சொல்லவில்லை. நம்மைத் திருத்தாமல் தேறவைப்பதில் ஒரு அலட்சியம் இருக்கிறது, 'இவனுங்களுக்கு இது போதும்' என்ற அலட்சியம். அதைச் சலுகை என்று நாம் வாங்கிக்கொள்வதா?

சரி, பட்டத்துக்கு அளவுகோல் வைத்தாயிற்று. சந்தேகத்துக்கு வைக்க வேண்டாமா?

எங்கள் ஊரிலிருந்தே ஒரு செய்தி சொல்கிறேன். காவலூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வைணு பாப்பு வானாய்வகம்தான் ஞாபகம் வரும். 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு கடந்தபோது, இங்கே இருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் நட்சத்திரத்தின் வெளிச்சம் இடையில் மங்கியது பதிவானது. இங்கே இருந்தவர்கள் யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கிறது என்று எழுதினார்கள். அதே இரவு அமெரிக்கர்கள் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் ஒரு விமானத்தில் தொலைநோக்கியை வைத்துப் பறந்துகொண்டே பார்த்திருந்தார்கள். பதிவுகளை ஒப்பிட்டபோது அது துணைக்கோள் இல்லை, வளையங்கள் என்று தெளிவானது. எங்கிருந்து பார்த்தாய் என்று அங்கேயும் கேட்டார்கள். கணக்குப் போடுவதற்காகக் கேட்டார்கள். காட்டுக்குள்ளிருந்து பார்த்தாயா, பறக்கிற விமானத்திலிருந்து பார்த்தாயா, அப்படியென்றால் அது பார்வையே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பதிவைக் காட்டு என்றார்கள். காட்டியதும், திருத்த வேண்டியதைத் திருத்தி, ஏற்க வேண்டியதை ஏற்றுக்கொண்டார்கள். நியாயமான சந்தேகத்துக்கு ஒரு முடிவு உண்டு. இன்னது காட்டினால் தீரும் என்று அது முன்கூட்டியே சொல்லும்.

சாதியின் சந்தேகத்துக்கு முடிவே கிடையாது. கொலம்பியாவில் எம்.ஏ. படித்து, லண்டனிலும் படித்து, 1917ல் பரோடா வந்த அம்பேத்கருக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் ஒளிந்து தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அந்தப் பட்டம் ரெகுலர்தானே? ஏகலைவன் கதையை நாம் அலுக்க அலுக்கச் சொல்லிவிட்டோம். இந்த ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: அவனுக்கு வித்தை சரியாக வரவில்லை என்று துரோணர் சொல்லவில்லை. குரைத்த நாயின் வாயை அம்பால் அடைத்துக் காட்டியாயிற்று, தேர்வு முடிந்தது, அவன் தேறிவிட்டான். கட்டை விரல் கேட்கப்பட்டது தேறியதற்குப் பிறகு. என்ன காட்டினாலும் தீராத சந்தேகம் எதுவோ, அதற்குப் பதில் சொல்லி நம் ஆயுளை வீணாக்க வேண்டியதில்லை. பிறந்த வீட்டையே சான்றிதழாக வைத்து, எந்தத் தேர்வும் எழுதாமல், யாரும் தோற்கடிக்க முடியாத பட்டத்தை இரண்டாயிரம் வருசமாக நெற்றியில் எழுதிக்கொண்டு திரிந்தவர்கள், கரஸ்ஸைப் பார்த்துச் சிரிப்பதில் ஒரு வேடிக்கையும் இருக்கத்தான் செய்கிறது.

இப்போது நிலைமை காகிதத்தில் மாறியிருக்கிறது. முறையான அனுமதியோடு தொலைநிலையிலும் இணையவழியிலும் பெறுகிற பட்டம், நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் அறிவித்தது. 'அனுமதியோடு' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பல்கலைக்கழகம் பெரியது, பழையது என்பது போதாது. அண்ணாமலைக்கே தொலைநிலை அனுமதி 2014-15 கல்வியாண்டோடு முடிந்துவிட்டது என்று 2022ல் யு.ஜி.சி. எச்சரிக்கை வெளியிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் அந்தப் பெரிய பெயரை நம்பித்தான் சேர்ந்தார்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்த ஆண்டுச் சேர்க்கை என்று மூன்றையும் சேர்த்து யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுப் பட்டியலில் பார்க்க வேண்டும். பொறியியல், மருத்துவம், செவிலியர், சட்டம் இந்த வழியில் கிடையாது. 2025 ஜூலைச் சேர்க்கையிலிருந்து உளவியலும் கிடையாது. 2024லிருந்து சேர்கிற ஒவ்வொருவரும் தன் பெயரில் தனி அடையாள எண் எடுத்துக்கொள்ள வேண்டும். 'நாங்களே பாத்துக்கறோம், நீங்க பணத்த மட்டும் கட்டுங்க' என்று சொல்கிற இடத்திலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். டீக்கடை மாடியில் ஃபிளெக்ஸ் கட்டி உட்கார்ந்திருக்கிற மையம் பல்கலைக்கழகம் ஆகாது. படிப்பைத் தனியாருக்குக் குத்தகை விடுவதற்கே தடை இருக்கிறது. செல்போனில் விளம்பரம் செய்கிற கல்விக் கம்பெனிகளுக்கும் அது பொருந்தும் என்று 2022 ஜனவரியில் யு.ஜி.சி. சொன்னது.

அனுமதி இருந்தால் போதுமா? அனுமதி கொடுப்பவரை யார் சோதிப்பது? 2025 பிப்ரவரியில், ஒரு பல்கலைக்கழகத்துக்கு நல்ல தரம் போடுவதற்காக லஞ்சம் வாங்கியதாக 'நாக்' ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்களையே சி.பி.ஐ. கைது செய்தது. 2015ல் கராச்சியில் ஒரு கம்பெனி, இல்லாத அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பெயரில் உலகம் முழுக்கப் பட்டம் விற்றது வெளியே வந்தது. அந்த இணையப் பக்கங்களில் அங்கீகாரச் சான்றும் இருந்தது, அதுவும் அவர்களே அச்சடித்தது. சான்றுக்குச் சான்று என்று ஏறிக்கொண்டே போனால் உச்சியில் ஒரு முத்திரைதான் இருக்கும், மனிதர் இருக்க மாட்டார். அதனால் பட்டியலைப் பார்த்த பிறகும் என் பழைய கேள்வி பாக்கி நிற்கிறது. இணையவழித் தேர்வில் கேமரா நம் கண் அசைவைக் கண்காணிக்கிறது, வேறு யாரும் அறையில் இருக்கிறார்களா என்று பார்க்கிறது. ஒரே அறையில் ஆறு பேர் குடியிருக்கிற காலனி வீட்டில் அதற்குப் பயந்து சனங்களை வாசலில் உட்காரவைக்க வேண்டியிருக்கிறது. திருடுகிறோமா என்று பார்க்க இவ்வளவு கண்கள். எழுதியதைப் படிக்க எத்தனை கண்கள்? இப்போதைய விதிப்படி நூற்றுக்கு முப்பது வரை ஒப்படைப்புகளுக்கும், எழுபதுக்குக் குறையாமல் கடைசித் தேர்வுக்கும் உண்டு. அந்த முப்பதை யார் போடுகிறார், படித்துப் போடுகிறாரா என்பதைக் கேட்கிற உரிமை பணம் கட்டுகிறவருக்கு உண்டு. நம் இயக்கங்கள் கட்டணத்தை எதிர்த்துப் போராடியிருக்கின்றன, விடுதிச் சோற்றுக்காகப் போராடியிருக்கின்றன. 'எங்கள் கட்டுரையைத் திருத்தித் திருப்பிக் கொடு' என்று ஒரு போராட்டம் நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் ஒரு தங்கை. வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை, விடியக்காலையில் கம்பெனி வண்டி ஏறினால் இருட்டித்தான் வருகிறாள். பி.ஏ. வரலாறு முடித்தவள். ஆன்லைனில் எம்.ஏ. சேரலாமா அக்கா என்று போன மாதம் வந்தாள். மாடியில் போய் நின்றால்தான் சிக்னல். பட்டியலைப் பார்த்தோம். அவள் சொன்ன பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் அதில் இருந்தன. உதவி எண்ணுக்குப் போன் போட்டோம். எடுத்த பையன் கட்டணத்தைச் சொன்னான், தவணையைச் சொன்னான், இன்றைக்கே சேர்ந்தால் தள்ளுபடி என்றான். 'அசைன்மென்ட் எழுதி அனுப்பினா யாரு தம்பி திருத்துவாங்க? திருத்தினது எங்க கைக்கு வருமா?' என்று இவள் கேட்டாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 'அது சிஸ்டத்துல மார்க் வந்துடும் மேடம்' என்றான். மார்க் வரும், சரி, தப்பு எங்கேன்னு யார் சொல்லுவாங்க என்றாள். இது மாதிரி யாரும் கேட்டதில்லை மேடம், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றான்.

இன்னும் சொல்லவில்லை. இரண்டு தடவை திரும்பவும் போட்டுவிட்டாள். அந்தப் பல்கலைக்கழக முகவரிக்கு ஒரு கடிதமும் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறாள். வேறு இரண்டு இடங்களின் பெயரும் எழுதிவைத்திருக்கிறாள். அங்கேயும் இதையேதான் கேட்கப் போகிறாளாம். ஜனவரிச் சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது.